புயல் எந்தப் பக்கம் கடக்குது? பழவேற்காடு சொல்லும் கணக்கு

கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின்ல போனா, மீஞ்சூர் தாண்டினதும் அனுப்பம்பட்டு, அப்புறம் பொன்னேரி. அங்கிருந்து கிழக்கே போனா பழவேற்காடு ஏரி. புயல் வந்தா அங்க தண்ணி எவ்வளவு ஏறும், அதை எப்படி முன்னாடியே கணக்குப் போடுறாங்க? இன்னைக்கு அதுதான் பேசப் போறோம்.

வர்தா, மிக்ஜாம் ரெண்டுமே சென்னையைப் புரட்டிப் போட்ட புயல்கள். ஆனா பழவேற்காட்டுக் கடலுக்கு ரெண்டும் ஒண்ணு இல்ல. ஏன்னா, நம்ம பக்கத்துப் புயல்ல காற்று இடமிருந்து வலமா இல்ல, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில சுத்தும். அதனால புயல் கரையைக் கடக்குற இடத்துக்கு வடக்கே, காற்று கடல் தண்ணிய கரைக்குத் தள்ளும். தெற்கே, கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். 2016 டிசம்பர் 12-ல வர்தா சென்னை அருகே கடந்தப்போ, பழவேற்காடு வடக்குப் பக்கம் இருந்துச்சு. 2023 டிசம்பர் 5-ல மிக்ஜாம் ஆந்திராவில் பாபட்லா அருகே கடந்தப்போ, தெற்குப் பக்கம். அந்த முறை பெரிய கவலை மழையும் வெள்ளமும்.

காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைஞ்சா கடல்மட்டம் சுமார் 1 செ.மீ. உயரும். மீதியெல்லாம் காற்றோட வேலை. கரையோரம் ஆழம் குறைவா இருந்தா தண்ணி இன்னும் ஏறும்.

இதை அளக்க, சென்னையில இருக்குற தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக் கடல்ல மிதவைகள் போட்டிருக்கு. ஹைதராபாத்தில் இருக்குற இன்காய்ஸ் மையம், கடலைக் குட்டிக் குட்டி முக்கோணங்களா பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் தண்ணி எவ்வளவு ஏறும்னு கம்ப்யூட்டர் மாடல்ல கணக்கிடுது.

சிக்கல் எங்கன்னா, முகத்துவாரத்துல. ஏரியும் கடலும் சேருற அந்த வாய், அலை கொண்டுவர்ற மணலால சுருங்கும், சில சமயம் அடைபடும். வெள்ளம் வந்தா திறக்கும். அடைபட்டிருக்கும்போது மழை கொட்டினா, ஆரணி ஆத்துத் தண்ணி போக வழியில்லாம ஏரியிலயே தேங்கும். திறந்திருந்தா வெள்ளம் வடியும், ஆனா கடல் ஏறினா அதே வழியா உள்ளேயும் வரும். ஒரே புயல், ரெண்டு முடிவு. மாடல்ல பழைய ஆழத்தைக் கொடுத்தா, பழைய ஏரிக்கான விடைதான் வரும்.

ஏரிக்குக் கிழக்கே இருக்குற ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2022 பிப்ரவரி 14-ல போன இஓஎஸ்-04 ரேடார் செயற்கைக்கோள், மேகத்தைத் தாண்டியும் பார்க்கும். முகத்துவாரத்தோட அகலம் அதுல தெரியும். ஆழம்? அது தினமும் அதைக் கடந்து கடலுக்குப் போற மீனவர்களுக்குத் தெரியும். வாரம் ஒரு தடவை அவங்களோட சேர்ந்து அந்த ஆழத்தை அளந்து மாடலுக்குக் கொடுத்தா, படகை எங்க கட்டுறது, வலையை எப்போ எடுக்குறது, குடும்பத்தோட எப்போ கிளம்புறதுன்னு அந்தந்தக் குப்பத்துக்கே சொல்ல முடியும். எச்சரிக்கைக் கூண்டு ஏத்துறதோட வேலை முடியலங்கறது என் கருத்து.

அடுத்த தடவை நியூஸ்ல "கரையைக் கடக்கும் இடம்"னு கேட்டா, மேப்பைத் திறந்து அதுக்கு வடக்கே யார் இருக்காங்கன்னு பாருங்க.