மட்டாஞ்சேரி ஆர்மோனியம்

(நம் சபையின் ஆண்டு விழாவில், போர்ட் கொச்சியில், ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எனக்கு எழுபத்தேழு ஆகிறது. இனிமேல் என்னைவிடப் பெரியவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

காரியதரிசி என்னிடம், "மாமா, பழைய மட்டாஞ்சேரியைப் பற்றி இருபது நிமிஷம் பேசுங்கோ" என்றார். அரசாங்கத்தில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு எழுதியவனிடம் இருபது நிமிஷம் என்றால், அதில் பதினைந்து நிமிஷம் முன்னுரைக்கே போய்விடும். ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நான் பேசப்போவது ஒரு மனிதரைப் பற்றி, ஒரு பெட்டியைப் பற்றி. மனிதர் எம்.கே. அர்ஜுனன் மாஸ்டர். பெட்டி ஆர்மோனியம்.

சென்னையிலும் மும்பையிலும் டெல்லியிலும் இருந்து இந்த இதழைப் படிக்கிறவர்களில் சிலருக்கு அவர் யார் என்று தெரியாமல் இருக்கலாம். மலையாள சினிமாவின் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவர். பிறந்தது 1936-இல், இதோ இங்கே பக்கத்தில் இருக்கும் சிரட்டப்பாலத்தில். 14 குழந்தைகளில் கடைசி. ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே தகப்பனார் போய்விட்டார். தாயாரால் என்ன செய்ய முடியும்? அர்ஜுனனையும் அவர் அண்ணாவையும் பழனியில் ஜீவகாருண்ய ஆனந்தாசிரமத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே பஜனையில் பையன் பாடுவதைக் கேட்டு, ஆசிரமத் தலைவர் நாராயண ஸ்வாமிகள் சங்கீதம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார்.

இதை நினைத்துப் பாருங்கள். நம் பெரியவர்கள் பாலக்காட்டிலிருந்து பிழைப்பைத் தேடிக் கொச்சிக்கு வந்தார்கள். இந்தப் பையன் சோற்றுக்காகக் கொச்சியிலிருந்து பழனிக்குப் போனான். பாட்டு அங்கே தமிழ்நாட்டில்தான் அவனுக்குக் கிடைத்தது. நாம் பேசுவது கொச்சித் தமிழ் என்றும், அது கொச்சைத் தமிழ் என்றும் மெட்ராஸ் உறவினர்கள் கேலி செய்வார்கள். அவர் பேசிய தமிழ் பழனித் தமிழ்.

ஏழு வருஷம் கழித்து ஊர் திரும்பினார். கூலி வேலை, வீட்டு வேலை என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். பிறகு நாடகக் குழுக்களில் ஆர்மோனியம் வாசிக்க ஆரம்பித்தார். அந்தக் காலத்தில்தான் எங்கள் வீட்டுக் கதையும் வருகிறது.

அப்பாவுக்கு பஜார் ரோடில் ஒரு குஜராத்தி சேட்டின் மிளகு கிடங்கில் கணக்கெழுதும் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் வீடே மிளகு மணக்கும். சம்பளம் சொற்பம். ஆனால் சங்கீதத்தில் மட்டும் மகாராஜா. விருச்சிக மாதம் திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் உத்சவம் வந்தால் எங்களைப் படகில் ஏற்றி அக்கரை கொண்டுபோய், மிச்ச தூரத்தை பஸ்ஸிலும் நடையிலுமாகக் கடந்து, செம்பை பாகவதர் கச்சேரிக்கு முன்வரிசையில் உட்கார வைத்துவிடுவார். நான் பாதியில் தூங்கிவிடுவேன். என் அண்ணா தூங்கமாட்டார். என்னைவிட எட்டு வயது பெரியவர். 1940-இல் பிறந்தவர், ஏசுதாஸ் பிறந்த அதே வருஷம். ஏசுதாஸும் இந்த போர்ட் கொச்சிதான் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் தகப்பனார் அகஸ்டின் ஜோசப்பும் மேடையில் பாடி நடித்தவர். 'நல்லதங்கா' படத்தில் கதாநாயகனாக வந்தவர்.

அப்பாவுக்குப் பிடிக்காத ஒன்று உண்டென்றால் அது ஆர்மோனியம்தான். "அது வாத்தியமாடா? துருத்தி வெச்ச கருமான் பட்டறை" என்பார். இதில் அவர் தனி ஆள் இல்லை. அகில இந்திய வானொலியே 1940 மார்ச் முதல் ஆர்மோனியத்தைத் தடை செய்திருந்தது. 1971-இல்தான் அந்தத் தடையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். முப்பத்தொரு வருஷம்! ஒரு மரப்பெட்டிக்கு இத்தனை நாள் தண்டனை.

நான் பௌதிகம் படித்தவன். காரணத்தைச் சொல்லாமல் போக மனசு வராது. நம் சங்கீதத்தில் ஸட்ஜத்துக்கு 240 அதிர்வு என்று வைத்துக்கொண்டால், சுத்தமான அந்தர காந்தாரம் நாலில் ஐந்து என்ற கணக்கில் 300-இல் நிற்கும். தம்பூரா மீட்டும்போது தானாகக் காதில் விழும் காந்தாரம் அதுதான். ஆர்மோனியமோ ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாகப் பிரித்துச் செய்த மேல்நாட்டுக் கணக்கு. அதில் காந்தாரம் 302-க்கும் கொஞ்சம் மேலே போய்விடும். பஞ்சமம் கிட்டத்தட்டச் சரியாகவே இருக்கும். காந்தாரத்தில்தான் குட்டு வெளிப்படும். அதோடு கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வழுக்கிப் போக முடியாது. கமகம் கிடையாது. தோடியை அதில் வாசிப்பது மாடிப்படியில் சைக்கிள் விடுவது போல. ஆக, அப்பா சொன்னதில் விஞ்ஞானம் இருந்தது.

ஆனால் நியாயம் இல்லை. அதே அப்பா செங்கோட்டை கிட்டப்பாவின் கிராமபோன் தட்டைக் கேட்டுக் கண்ணீர் விடுவார். கிட்டப்பாவின் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அவருடைய அண்ணா காசி ஐயர். இதை நான் பெரியவனான பிறகு ஒருநாள் சொன்னேன். அப்பா தினசரியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் தெருவுக்கு வெளியே இருந்த உலகத்தையும் சொல்ல வேண்டும். மட்டாஞ்சேரியில் அப்போது எல்லா பாஷையும் காதில் விழும். கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்னி, தமிழ், மலையாளம். கல்யாண வீடுகளில் மெஹபூப் பாய் பாடுவார். 'நீலக்குயில்' படத்தில் பாடியவர் அவர்தான். பட்டாளத்து பாரக்குகளில் எடுபிடியாக இருந்தே பாட்டுக் கற்றவர். சைகாலும் தலத் மஹ்மூதும் இந்த ஊர் டீக்கடைகளில் வாழ்ந்தார்கள் என்றே சொல்லலாம். எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ரேடியோ சிலோனில் பினாகா கீத்மாலா கேட்க அண்ணா டீக்கடை வாசலில் நிற்பார். டீ குடிக்க மாட்டார், காசு கிடையாது. உள்ளே போய் உட்கார்ந்தால்தானே காசு!

1959. அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தார். தினமும் சாயங்காலம் "இன்ஸ்டிட்யூட் போறேன்" என்று கிளம்பிப் போவார். உண்மையில் போனது பள்ளுருத்திப் பக்கம் ஒரு சிநேகிதர் வீட்டுத் திண்ணைக்கு. அங்கே ஒரு சின்ன நாடகக் குழு ஒத்திகை நடத்தும். ஒரு பழைய ஆர்மோனியம் உண்டு. அதை அண்ணா தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டார். கோவில் உத்சவங்களில் நாடகம் நடந்தால் அண்ணா கதாநாயகியைப் பார்க்க மாட்டார். மேடை ஓரத்தில் பெட்டிக்காரர் உட்கார்ந்திருப்பாரே, அவர் விரலைத்தான் பார்ப்பார். அந்தக் கூட்டத்தில் அர்ஜுனன் என்ற பெயர் அப்போதே அடிபட்டது. பழனியில் கற்றவனாம், எந்தப் பாட்டையும் ஒருதரம் கேட்டால் போதுமாம் என்று அண்ணா எனக்கு ரகசியமாகச் சொல்வார்.

எனக்குப் பதினொரு வயது. ஒருநாள் அண்ணா பின்னாலேயே போய் அந்தத் திண்ணையைக் கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிடும்போது அப்பா, "எங்கேடா இன்னும் அவனைக் காணோம்?" என்று பொதுவாகக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. அடிக்கவில்லை, மிரட்டவில்லை. எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில் நான்தான் சொன்னேன். "அண்ணா பெட்டி வாசிக்கறான்."

அப்பா சத்தம் போடவில்லை. அண்ணா வந்ததும், "இந்த ஆம் வேணுமா, அந்தப் பெட்டி வேணுமான்னு காலம்பற சொல்லு" என்றார். அவ்வளவுதான். அம்மா சமையல் உள்ளை விட்டு வெளியே வரவே இல்லை. அடுத்த மாதம் பம்பாய் அத்திம்பேருக்குக் கடிதம் போயிற்று. மாட்டுங்காவில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. ஹார்பர் டெர்மினஸில் ரயில் ஏற்றிவிட நானும் போனேன். அண்ணா என் தலையைத் தடவி, "நன்னாப் படி" என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்கவே இல்லை.

நான் நன்றாகத்தான் படித்தேன். மகாராஜாஸ் கல்லூரியில் பி.எஸ்ஸி. கடைசி வருஷம், 1968-இல், 'கறுத்த பௌர்ணமி' வந்தது. பாட்டு பி. பாஸ்கரன், இசை எம்.கே. அர்ஜுனன். நடுவில் அந்தப் பத்து வருஷம் அவர் நாடகம் நாடகமாக வாசித்திருந்தார். கொல்லம் காளிதாச கலாகேந்திரத்தில் தேவராஜன் மாஸ்டருக்கு ஆர்மோனியம் வாசித்தார். தேவராஜன் கண்டிப்புக்குப் பெயர் போனவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தது ஒரு பல்கலைக்கழகப் படிப்புக்குச் சமம். அடுத்த வருஷம் 'ரெஸ்ட் ஹவுஸ்' வந்தது. ஸ்ரீகுமாரன் தம்பி பாட்டெழுதினார். அவரும் இன்ஜினியரிங் படித்து, அரசாங்க நகரமைப்பு உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பாட்டெழுத வந்தவர். நான் உத்தியோகத்தை விடாதவன். ஆகையால் அவர் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

அர்ஜுனன் மாஸ்டருக்கு ஆர்கெஸ்ட்ரா பார்த்துக்கொண்டவர் ஆர்.கே. சேகர், மெட்ராஸ்காரர், தமிழர். சேகர் 1976-இல் நாற்பத்து மூன்று வயதில் இறந்துபோனார். பையனுக்கு அப்போது ஒன்பது வயது. அந்தப் பையனைப் பிற்பாடு தன் ரிக்கார்டிங்கில் கீபோர்டு வாசிக்க உட்கார வைத்தார் மாஸ்டர். பையன் பெயர் அப்போது திலீப். இப்போது ஏ.ஆர். ரஹ்மான். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு யாராவது ஒரு கட்டையைக் காட்ட வேண்டும் என்பது பழனியில் வளர்ந்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

மாஸ்டர் சினிமாவில் பெயர் வந்த பிறகும் நாடகத்தை விடவில்லை, ஊரையும் விடவில்லை. சுமார் 300 நாடகங்களுக்கு இசையமைத்திருக்கிறார். ரிக்கார்டிங் மெட்ராஸில், வீடு பள்ளுருத்தியில்.

எழுபதுகளின் நடுவில் ஆபீஸ் வேலையாக நான் பம்பாய் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணா என்னை மாட்டுங்கா அரோரா தியேட்டருக்கு அழைத்துப் போனார். மலையாளப் படம். டைட்டிலில் மாஸ்டர் பெயர் வந்தது. அண்ணா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு ஆரம்பித்ததும் ஏதோ தட்டுகிறதே என்று பார்த்தேன். நாற்காலியின் மரக்கைப்பிடி மேல் அண்ணாவின் வலது கை விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. டைப் அடிக்கிற விரல்கள் அப்படி ஓடாது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. இடைவேளையில் இரண்டு பேரும் காபி குடித்தோம். மன்னிக்கு வாங்க வேண்டிய ஜவ்வரிசியைப் பற்றிப் பேசினோம்.

மாஸ்டருக்கு மாநில அரசின் சினிமா விருது முதல் முறையாகக் கிடைத்தது 'பயானகம்' படத்துக்கு, 2018-இல் அறிவித்தார்கள். முதல் படம் வந்து ஐம்பது வருஷம். எண்பதைத் தாண்டிய வயது. அரசாங்கக் கோப்பு மெதுவாகத்தான் நகரும், எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு மெதுவாகவா!

2020 ஏப்ரல் 6-ஆம் தேதி விடியற்காலையில் அவர் பள்ளுருத்தி வீட்டில் காலமானார். ஊரடங்குச் சமயம். சாதாரண நாளாக இருந்தால் கொச்சி முழுவதும் அந்தத் தெருவில் நின்றிருக்கும். நாலைந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் நான் ஜன்னலைத் தாண்டிப் போக முடியவில்லை. அண்ணாவுக்கு போன் செய்தேன். அவருக்கு எண்பது. டி.வி.யில் பார்த்துவிட்டேன் என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு நான் சொன்னேன். "அண்ணா, அன்னிக்கு அப்பாகிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும்டா" என்றார். "அப்பாவே ரயிலுக்குக் கிளம்பறச்சே சொன்னார். சின்னவனைக் கோச்சுக்காதேன்னார்." அறுபத்தோரு வருஷம் நான் தூக்கிச் சுமந்ததை அவர் முதல் நாளே இறக்கி வைத்திருக்கிறார். எனக்குப் பேச்சு வரவில்லை. அண்ணாதான் பேசினார். "நீ சொல்லலேன்னா நான் மாஸ்டர் ஆயிருப்பேன்னு நினைக்கறயா? பைத்தியம். காலம்பற சொல்லுன்னார் அப்பா. நான் ராத்திரியே சொல்லிட்டேன். அவனுக்கு ஆம் இல்லை, பெட்டியைப் பிடிச்சுண்டான். எனக்கு ஆம் இருந்தது." அவர் அதை ஆறுதலாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று போனில் தெரியவில்லை. பிறகு வேறு என்னவோ கேட்டார். "அந்தத் திண்ணைப் பெட்டி அப்புறம் யார்கிட்ட போச்சு, தெரியுமோ?" எனக்குத் தெரியாது.

இந்த ஹாலின் பின் அறையில் பஜனைக்கு வாசிக்கிற ஆர்மோனியம் ஒன்று இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். துருத்தி கிழிந்து, நாலு கட்டை பேசாமல் பல வருஷமாகத் துணி மூடிக் கிடந்தது. அண்ணாவிடம் சொன்னபோது ரிப்பேருக்கு ஆறாயிரம் ரூபாய் அனுப்பினார். பெயர் போடக் கூடாது என்றார். போடவில்லை. இப்போது எல்லாக் கட்டையும் பேசுகிறது, காந்தாரம் மட்டும் அதே இரண்டு அதிர்வு கூடுதலாக. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அறையைத் திறந்து வைக்கிறேன். போன வாரம் மூன்று குழந்தைகள் வந்தார்கள். நான்காவதாக ஒரு பையன் வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை. யாராத்துப் பையன் என்று தெரிந்தால் சொல்லுங்கள், நானே போய்க் கூப்பிடுகிறேன்.