நூலகத்துக்கு எழுத்தாளர் வருகிறார்

ஊர் நூலகத்துக்கு ஓர் எழுத்தாளர் வரப்போகிறார். செய்தி பரவுகிறது. பெஞ்சு போடுகிறார்கள். மைக் கட்டுகிறார்கள். மாலை வாங்கி வைக்கிறார்கள். வாசலில் ஒரு அம்மா தயங்கி நிற்கிறார்.

"அவர் பெரிய எழுத்தாளர். நேற்றுத்தான் என் பேரை எழுதக் கற்றேன். எனக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தேடக் கொஞ்ச தூரம் போக வேண்டும். கேரளத்தில் மட்டாஞ்சேரி வரை போக வேண்டும்.

மட்டாஞ்சேரி, கொச்சி நகரத்தின் பழைய வணிகப் பகுதி. கடலும் காயலும் சூழ்ந்த இடம். மிளகு, சுக்கு, ஏலக்காய் வாசம் வீசும் தெருக்கள். அங்கே நடந்தால் மலையாளம் கேட்கும். கொங்கணி கேட்கும். குஜராத்தி கேட்கும். தமிழும் கேட்கும். பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன.

கொச்சித் துறைமுகத்தில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. அதன் பெயர் சாப்பா. கப்பலில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் ஆள் தேவை. வேலை தேடித் தொழிலாளர்கள் கூட்டமாக நிற்பார்கள். ஆள் எடுப்பவர் உலோக வில்லைகளைக் கூட்டத்தில் வீசி எறிவார். வில்லையைப் பிடித்தவனுக்கு அன்று வேலை. பிடிக்காதவன் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. ஒரு வில்லைக்காக மனிதர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள்.

இதைத் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். 1953இல் வேலை நிறுத்தம் செய்தார்கள். போராட்டம் 75 நாட்கள் நீண்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. தொழிலாளர்கள் உயிர் இழந்தார்கள். பிற்காலத்தில் சாப்பா முறை ஒழிந்தது.

அன்று கூட்டத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. ஆனால் கதை இருக்கிறது. எப்படி? ஒருவர் அதை எழுதி வைத்தார். கே. எம். சிதம்பரன் என்பவர் 'துறைமுகம்' என்ற நாடகமாக எழுதினார். அவருடைய மகன் கோபன் சிதம்பரன் அதைத் திரைக்கதை ஆக்கினார். 2023இல் ராஜீவ் ரவி இயக்கத்தில் அது சினிமாவாக வந்தது. 70 வருஷத்துக்கு முன் நடந்ததைப் பேரப் பிள்ளைகள் பார்த்தார்கள்.

எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகும்? வில்லைக்காக ஓடியவனின் வலி அவனோடு போயிருக்கும்.

சரி, எழுதலாம். ஆனால் இலக்கணம் தெரிய வேண்டாமா?

மலையாளத்தின் பெரிய எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீர். சுதந்திரப் போராட்டத்துக்காகப் பள்ளியை விட்டவர். சிறைக்குப் போனவர். மட்டாஞ்சேரிக்கு அக்கரையில் உள்ள எர்ணாகுளத்தில் புத்தகக் கடை வைத்துப் பிழைத்தவர். வீட்டில் பேசும் மொழியிலேயே கதை எழுதினார். அவருடைய தம்பிக்கு அது பிடிக்கவில்லை. "அண்ணன் எழுத்தில் இலக்கணம் இல்லை" என்று குறை சொன்னார். இந்தச் சண்டையையும் பஷீர் விடவில்லை. 'பாத்துமாவின் ஆடு' என்ற கதைக்குள் அதையும் எழுதிவிட்டார்! பேசுகிற மொழியில் எழுதலாம் என்று பஷீர் காட்டினார்.

நம் தமிழிலும் அப்படி ஒருவர் உண்டு. இடைசெவல் கிராமத்து விவசாயி கி. ராஜநாராயணன். அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். கரிசல் காட்டு மக்களின் பேச்சிலேயே எழுதினார். 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது.

இப்போது நூலகத்துக்கு வருவோம்.

கேரளத்தில் நூலகம் ஊர் மக்களின் இடமாக வளர்ந்தது. 1945இல் பி. என். பணிக்கர் என்பவர் திருவிதாங்கூரில் 47 நூலகங்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். 1956இல் கேரள மாநிலம் உருவானது. சங்கமும் மாநிலம் முழுவதும் வளர்ந்தது. பணிக்கர் 1995 ஜூன் 19ஆம் தேதி காலமானார். அந்த நாளைக் கேரளம் வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறது. அன்று நூலகங்களிலும் பள்ளிகளிலும் கூட்டம் நடக்கும். புத்தகம் பற்றிப் பேசுவார்கள். எழுத்தாளர்களை அழைப்பார்கள்.

மட்டாஞ்சேரி இருக்கும் எர்ணாகுளம் மாவட்டத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. 1990 பிப்ரவரி 4ஆம் தேதி, இந்தியாவிலேயே முதலாவதாக முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அது அறிவிக்கப்பட்டது. ஆனால் கற்ற எழுத்து, பழகாவிட்டால் மறந்துபோகும். தீட்டாத அரிவாள் துருப்பிடிப்பது போல. தீட்டும் இடம்தான் நூலகம்.

எழுத்தாளர் வந்து மாலை போட்டுக்கொண்டு, பேசிவிட்டுப் போனால் போதாது. அவர் மக்களோடு உட்கார வேண்டும். அதைத்தான் எழுத்துப் பட்டறை என்கிறார்கள். கொல்லன் பட்டறையில் இரும்பு அரிவாள் ஆகிறது. இங்கே பேச்சு எழுத்து ஆகிறது.

பட்டறையில் என்ன நடக்கும்?

எழுத்தாளர் ஒரு கேள்வி கேட்பார். "உங்கள் முதல் கூலி எவ்வளவு? அதில் என்ன வாங்கினீர்கள்?" ஒருவர் வாயால் சொல்வார். "சொன்னதை அப்படியே எழுதுங்கள்" என்பார் எழுத்தாளர். ஐந்து வரி போதும்.

'கஷ்டப்பட்டேன்' என்று ஒருவர் எழுதுவார். "என்ன கஷ்டம்?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார். 'அன்று வீட்டில் ஒரு ஆழாக்கு அரிசிதான் இருந்தது. ஐந்து பேர் கஞ்சி குடித்தோம்' என்று திருத்தி எழுதுவார். இப்போது கேட்பவர் கண்ணில் அந்த அடுப்பு தெரியும். பிறகு எல்லோரும் சத்தமாக வாசிப்பார்கள். எழுத்துப் பிழையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எழுதிய தாள்களை நூலகச் சுவரில் ஒட்டலாம். தைத்துக் கையெழுத்துப் பத்திரிகை ஆக்கலாம்.

வாசலில் நின்ற அம்மாவுக்கு இதுதான் பதில். அம்மா, எழுத்தாளருக்குப் புத்தகம் தெரியும். நாற்று நடும் இடுப்பு வலி உங்களுக்குத்தான் தெரியும். ரேஷன் கடையில் நின்ற கால் உங்களுடையது. அதை நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாரோ எழுதுவார்கள். அல்லது யாருமே எழுத மாட்டார்கள்.

உங்கள் ஊர் நூலகரிடம் கேளுங்கள். "ஒரு எழுத்தாளரைக் கூப்பிடுங்கள் ஐயா. எங்களோடு உட்காரச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவு ஐந்து வரி எழுதுங்கள். தாளின் மேலே உங்கள் பெயரையும் தேதியையும் போடுங்கள்.

உள்ளே வாருங்கள் அம்மா. பெஞ்சில் இடம் இருக்கிறது.