முந்தி ஏறுவதற்கு ஒரு விலை

பேராதனைச் சந்தியைக் கடந்து தெற்கே திரும்பும் மலைநாட்டுப் புகையிரதப் பாதை, கெலிஓயாவைத் தொட்டு, மகாவலி கங்கையின் பள்ளத்தாக்கு வழியே கம்பளையை அடைகின்றது. 1867 ஆம் ஆண்டிற் கண்டிக்கு வந்த புகையிரதம் 1874 இல் நாவலப்பிட்டி வரையும், 1924 இற் பதுளை வரையும் நீண்டது. ஆகவே, வண்டியில் ஏறி இடம் பிடிக்கும் கலையிற் கம்பளை மக்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுக் காலப் பயிற்சி உண்டு எனலாம். வண்டி மேடைக்கு வருமுன்னரே வாயில் எங்கே வந்து நிற்கும் என்று கணித்து நிற்பவர் சிலர். வண்டி நிற்பதற்குள் சாளரத்தின் வழியே கைக்குட்டையை எறிந்து, அது விழுந்த இருக்கை தமக்கே உரியது என்று வாதாடுபவர் சிலர்.

இந்த அவசரத்தைக் கண்டு நகைப்பது எளிது. ஆயினும் அதில் ஒரு நியாயம் இருக்கின்றது. இலக்கமிடப்படாத மூன்றாம் வகுப்புப் பெட்டியில் முந்தி ஏறியவருக்கு இருக்கை கிடைக்கும். பிந்தியவர் நானுஓயா வரையும் நின்றுகொண்டே போக நேரும். அங்கே முந்துவதற்கு ஒரு பயன் உண்டு. முன்பதிவு செய்த பெட்டியிலோ நிலைமை வேறு. சீட்டில் இலக்கம் உள்ளவர் கடைசி மணி அடித்த பின் ஏறினாலும் அவருடைய இருக்கை அவருக்காகக் காத்திருக்கும். வேறொரு நுட்பமும் உண்டு. கம்பளை இடைநிலையம், வண்டி புறப்படும் இடமன்று. கொழும்புக் கோட்டையிலேயே நிரம்பிவிட்ட பெட்டியிற் கம்பளையில் முதலாவதாக ஏறினாலும், முழங்கையிற் படும் அடியைத் தவிர வேறு ஊதியம் இல்லை.

ஆகவே காசு கொடுத்து வாங்கப்படுவன இரண்டு. ஒன்று இடம், மற்றையது முறை. இடத்தை வாங்கினவருக்கு ஒரு பொருள் கைக்கு வருகின்றது. முறையை மட்டும் வாங்கினவருக்கு, அந்த முறையைப் பின்தொடர்ந்து வேறொன்று வந்தாலன்றிக் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. இவ்விரண்டையும் வேறுபிரித்து அறியாமையினாலேயே பலர் வீண் செலவு செய்கின்றனர். பஸ் வண்டிகளில் ‘அரை சொகுசு’ என்ற பெயரில், சாதாரணக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கு வாங்கும் சேவை இலங்கையில் வழக்குக்கு வந்தபோது எழுந்த முறைப்பாடும் இதுவே. கூடுதற் காசு கொடுத்த பின்னரும் பிரயாணி நின்றுகொண்டு போவதாயின், அவர் வாங்கியது யாது?

இன்று இதே கேள்வி ஆகாய விமானத்தின் வாயிலுக்கு வந்திருக்கின்றது. கம்பளையிலும் அதன் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் உள்ள குடும்பங்கள் பலவற்றுக்குக் கட்டுநாயக்க விமான நிலையம் புதிய இடமன்று. திருச்சிக்கும் சென்னைக்கும் உறவினரைக் காணவும், கோயில் தரிசனத்துக்கும், வைத்தியத்துக்கும் செல்வோர் உளர். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் அவர்களினும் பலர். சீட்டைக் கைத்தொலைபேசியிற் பதிவு செய்யும்போது, முன்னுரிமையுடன் ஏறுவதற்கு இவ்வளவு என்று ஒரு வரி திரையில் தோன்றுகின்றது. “அப்பா, முந்தி ஏறுவதற்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள். அதையும் கட்டிவிடட்டுமா?” என்று மகள் கேட்கிறாள். “கட்டினால் முன்னுக்குப் போய்ச் சேருவோமா, பிள்ளை?” என்று தகப்பனார் வினவுகிறார். படிப்பறிவு மிகுந்த பலருக்கும் தோன்றாத கேள்வி இது!

போய்ச் சேரும் நேரம் யாவருக்கும் ஒன்றே. அவ்வாறாயின், விற்கப்படுவது யாது என்பதை ஆராய்தல் வேண்டும்.

திருச்சி, சென்னை போன்ற அண்மைப் பிரயாணங்களுக்குப் பெரும்பாலும் பயன்படுவது, நடுவில் ஒரே நடைபாதையும் இருபுறமும் மும்மூன்று இருக்கைகளும் கொண்ட விமானம். ஒரே வகுப்பாக அமைத்தால் ஏறத்தாழ 180 பேர் அதில் அமரலாம். ஒவ்வொருவர் சீட்டிலும் இருக்கை இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். எனவே முந்தி ஏறியவருக்கு நல்ல இருக்கை கிடைக்கும் என்ற எண்ணம் புகையிரத மேடையிலிருந்து கூடவே வந்த பழைய எண்ணமேயன்றி வேறில்லை. விமானத்துக்குப் பஸ் வண்டியில் ஏற்றிச் செல்லும் வேளைகளில், முதலில் ஏறினவர் பஸ்ஸின் உட்புறத்தில் அகப்பட்டு, இறங்கும்போது கடைசி ஆளாய் நிற்பதும் உண்டு.

இருக்கை இலக்கமின்றி, வந்த ஒழுங்கில் அமரச் செய்த நிறுவனங்களும் இருந்தன. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் 1971 இற் பறக்கத் தொடங்கிய காலந்தொட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் அவ்வழக்கத்தையே கைக்கொண்டு, 2026 ஜனவரியிலேதான் அதனைக் கைவிட்டது. அத்தகைய விமானத்தில் முன்முறையை வாங்குவது இடத்தை வாங்குவதற்கு ஒப்பாகும். ஐரோப்பாவில் ரையன்எயார் நிறுவனம் 2018 இல் வேறொரு வழியை மேற்கொண்டது. சக்கரம் வைத்த பெரிய கைப்பெட்டியை உள்ளே கொண்டுசெல்ல விரும்புவோர் முன்னுரிமைக் கட்டணம் செலுத்தல் வேண்டும் என விதித்தது. அங்கும் காசு கொடுப்பவர் உண்மையில் வாங்குவது பெட்டிக்கான உரிமையையே. முறை அதனுடன் ஒட்டிவரும் வால்.

பெட்டியைப் பற்றிய பேச்சே இப்பொருளின் உயிர்நிலை. தலைக்கு மேலுள்ள தட்டு, விமானத்திலுள்ள யாவரும் ஒவ்வொரு பெரிய பெட்டி கொண்டுவந்தால் போதாது. பிந்தி வருவோரின் பெட்டி சில வேளைகளில் வாங்கப்பட்டுக் கீழறைக்கு அனுப்பப்படும். இது உண்மையான இழப்பு. இறங்கிய பின் பெட்டிக்காகக் காத்து நிற்கவேண்டும். இடையில் வேறொரு விமானம் மாறவேண்டியவருக்கு அந்தக் காத்திருப்பே பெருங்கேடாக முடியலாம். அத்தகையவர் முன்னுரிமைக்குக் காசு கொடுப்பது வீணன்று. ஏனையோர்க்கு ஒரு சிறிய உபாயம் போதும். மருந்து, நகை, கடவுச்சீட்டு, கலியாணத்துக்கு உடுக்கவிருக்கும் சேலை முதலியவற்றை முன் இருக்கையின் அடியில் வைக்கத்தக்க சிறிய பையில் இட்டுக்கொண்டால், பெரிய பெட்டி எங்கே போனாலும் கலக்கமில்லை. அந்தச் சிறிய பையை எவரும் வாங்கிக்கொள்வதில்லை.

இங்கே ஒரு வேடிக்கையையும் குறிப்பிடல் தகும். விமானத்தில் ஆட்களை விரைவாக ஏற்றும் வழி எது என்பதை ஜேசன் ஸ்டெஃபன் என்ற அமெரிக்கப் பௌதிகவியலாளர் கணக்கிட்டு 2008 இல் வெளியிட்டார். பின்னர் ஒரு மாதிரி விமான அறையில் 72 பேரை ஏற்றிப் பரீட்சித்தபோது, பின்வரிசையிலிருந்து முன்வரிசை வரை ஒழுங்காக ஏற்றும் முறைக்கு ஆறு நிமிடத்துக்குச் சற்று மேலே சென்றது. சாளரத்தோரத்தவரை முதலில், ஒருவரையொருவர் இடிக்காதவாறு ஒன்றுவிட்டொரு வரிசையாக ஏற்றும் அவருடைய முறைக்கு மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேலேயே சென்றது. எவ்வித ஒழுங்குமின்றி வந்தவாறே ஏறியவர்கள்கூட, பின்வரிசை முறையினும் விரைவில் அமர்ந்துவிட்டனர்! ஆயினும் விமான நிறுவனங்கள் அவருடைய முறையைப் பரவலாகக் கைக்கொள்ளவில்லை. ஏறும் ஒழுங்கைத் துண்டு துண்டாக விற்பனை செய்வோர், ஒழுங்கே தேவையற்றதாகிவிடும் நிலையை எங்ஙனம் விரும்புவர்? நெரிசல் குறைந்துவிட்டால் நெரிசலுக்கு மருந்து விற்க முடியாதன்றோ?

கம்பளையிலிருந்து புறப்படும் ஒருவரின் கணக்கை இனி நோக்குவோர்க்கு, விமானத்தின் வாயில் எத்துணைச் சிறிய இடர் என்பது புலனாகும். ஒரு தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும், 2024 இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. திரையில் அமெரிக்க டொலரில் எழுதப்பட்டுள்ள ஒரு சிறு தொகையை ரூபாவாக மாற்றி, கொழுந்து பறித்த நாட்களாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு நாள், இரு நாள், சில வேளைகளில் அதற்கும் மேல். அந்நாட்களின் உழைப்பைக் கொடுத்து வாங்கப்படுவது, இருபது நிமிடம் மண்டபத்தில் நிற்பதற்குப் பதிலாக இருபது நிமிடம் விமானத்தினுள் உட்கார்ந்திருப்பது மாத்திரமே. வளைகுடாவுக்குச் செல்லும் பெண்ணொருத்தியின் பொருள்கள் யாவும் கீழறைக்குச் செல்லும் பெட்டியிலே இருக்கின்றன. கையில் உள்ளது ஒரு தோட்பை. அவளுக்குத் தட்டும் தேவையில்லை, முறையும் தேவையில்லை.

அவளுக்குத் தேவையானது வேறு. பெட்டிகளை ஒப்படைக்கும் கருமபீடம் மூடுமுன் கட்டுநாயக்கவை அடைந்தாக வேண்டும். பல நிறுவனங்கள் விமானம் புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னரே அதனை மூடிவிடுகின்றன. கம்பளையிலிருந்து பேராதனை, கடுகண்ணாவை, மாவனல்லை, கேகாலை வழியாக இறங்கும் பாதை வறண்ட நாளிலேயே மூன்று நான்கு மணி நேரத்தை விழுங்குவது. மழைக்காலத்தில் அதனை எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது. 2025 நவம்பர் மாதத்திற் பஹல கடுகண்ணாவையில் மண்மேடு சரிந்து உயிர்களைக் காவுகொண்டு, கொழும்பு–கண்டி வீதியை மூடியது. அடுத்த சில நாட்களில் டித்வா புயலின் பெருமழை மலைநாட்டு வீதிகளையும் புகையிரதப் பாதையையும் பல இடங்களிற் சிதைத்தது. அத்தகைய நாட்களில், முந்தி ஏறும் உரிமைக்குச் சீட்டு வைத்திருந்தவரும் வைத்திராதவரும் வீதியோரத்தில் ஒன்றாகவே நின்றிருப்பர். செலவிடுவதற்கு மேலதிகமாகச் சிறிது பணம் உண்டாயின், அரை நாள் முன்னதாகப் புறப்பட்டு நீர்கொழும்பில் ஓர் இரவு தங்குவதற்கு அதனைப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம். வேலை ஒப்பந்தத்தோடு போகிறவருக்கு விமானம் தவறுவது ஒரு நாட்சம்பளத்தின் நட்டமன்று. பல மாதத்து முயற்சியின் நட்டம்.

விரைவாக வெளியேற விரும்புவோர் வேறொன்றையும் கவனித்தல் நலம். இறங்கிய பின் குடிவரவுப் பகுதியின் வரிசையில் முன்னிற்பவர், முந்தி ஏறியவரல்லர்; முன்வரிசையில் அமர்ந்தவரே. இருக்கையைத் தேர்ந்துகொள்வதற்கான கட்டணமும் முந்தி ஏறுவதற்கான கட்டணமும் திரையில் அடுத்தடுத்து நிற்பதால், ஒன்றை மற்றொன்றென மயங்குவோர் பலர். குழந்தைகளைப் பிரியாது ஒரே வரிசையில் அமர விரும்பும் தாயாருக்கும் வேண்டியது முன்னையதே. பெட்டியை உருளும் பட்டையிலிருந்து எடுக்கவேண்டியவருக்கோ இவையிரண்டாலும் மிச்சமாவது சொற்பம். பட்டை யாரையும் இனங்காணாது.

கைக்குழந்தையுடன் வருவோரையும், நடக்க இயலாத முதியோரையும் பெரும்பாலான நிறுவனங்கள் கட்டணமின்றியே முதலில் ஏற்றுகின்றன. அறியாமையால் இதற்கும் காசு கட்டுவோர் இருக்கின்றனர். முழங்கால் நோவுள்ள அம்மம்மாவைத் திருச்சிக்கு அழைத்துச் செல்லும் பேரன் செய்யவேண்டியது, சீட்டைப் பதிவு செய்யும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று குறிப்பிடுவதுதான். பிந்தினாலும் பிரயாணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்னர் அறிவித்துவிடல் நன்று. கருமபீடத்திலிருந்து விமானத்தின் வாயில் வரை பணியாளர் ஒருவர் அந்த அம்மையாரைக் கொண்டுசெல்வார். துணைக்கு வரும் பேரனும் பொதுவாகக் கூடவே ஏறலாம்.