ஒரு கையில் பேத்தி, ஒரு கையில் வேட்டி!

(‘சின்னப் பிள்ளைகளோடு பயணம்: சுகமா? சுமையா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘சுகமே’ அணியில் ஆற்றிய உரை)

அதியமான் ஆண்ட இந்தத் தகடூர் மண்ணின் பெருமக்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு சவால் விட்டார். “பேராசிரியர் மாட்டு வண்டி, ரயில் வண்டின்னு பழைய கதை பேசுவார். விமான நிலையத்துல மூணு வயசுப் பிள்ளையோட நின்னு பார்த்திருக்காரா?” என்று கேட்டார். நின்னிருக்கேன் ஐயா! ஒரு கையில பேத்தி, இன்னொரு கையில வேட்டி! (சிரிப்பு)

2022ஆம் வருஷம். சிங்கப்பூரில் இருக்கிற என் மகள் லீவுக்கு வந்துட்டுத் திரும்புறா. துணைக்கு நானும் என் வீட்டுக்காரம்மாவும் கிளம்பினோம். வெளிநாடு போகணும்னா தர்மபுரிக்காரனுக்குப் பெங்களூர்தானே வாசல்? கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி, பெங்களூரையும் கடந்து, தேவனஹள்ளி போகணும். ஏறக்குறைய 170 கிலோமீட்டர். மூணு மணி நேரம் முன்னாடியே அங்கே இருக்கணும்னு மகள் சொன்னா. நான் ராகு காலம் முடியட்டும்னேன். ஒன்றரை மணி நேரம் முன்னாடிதான் போய்ச் சேர்ந்தோம். தூக்கக் கலக்கத்தில் பேத்தி. எங்கே போறோம், என்ன நடக்கும்னு அந்தக் குழந்தைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லலை.

பாதுகாப்புச் சோதனை. “பெல்ட்டைக் கழட்டுங்க” என்றார் காவலர். பேன்ட் போட்டவன் கழட்டலாம். வேட்டி கட்டினவன் என்ன செய்வான்? நாட்டைக் காப்பது அவர் கடமை, வேட்டியைக் காப்பது என் கடமை! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அடுத்து, என் கைப்பையில் அரைக் கிலோ புளிக்காய்ச்சல். நம்ம ஊர்ப் புளி! “இது திரவம், விட முடியாது” என்றார். 2006 ஆகஸ்டில், லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிமருந்து வைத்துத் தகர்க்கப் போட்ட சதி வெளிப்பட்டது. அதற்குப் பிறகுதான் வெளிநாட்டு விமானங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற கட்டுப்பாடு பரவியது. கூழ், களிம்பு, ஊறுகாய்க் குழம்பு எல்லாம் அதிலே சேர்த்தி. கைக்குழந்தைக்குப் பயணத்துக்கு வேண்டிய பால், உணவுக்கு விலக்கு உண்டு. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. நான் டாக்டர் பட்டம் வாங்கினவன் இல்லையா? திரவத்துக்கும் கெட்டிக்கும் வேறுபாடு என்னன்னு அவருக்கு இலக்கணம் நடத்த ஆரம்பிச்சுட்டேன்!

நான் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்த நேரத்தில், பேத்தி கையிலிருந்த யானைப் பொம்மையை வாங்கி எக்ஸ்ரே பெட்டிக்குள் அனுப்பிவிட்டார்கள். என் கையை உதறிக்கொண்டு பிள்ளை ஓடினது எனக்குத் தெரியலை. திரும்பிப் பார்க்கிறேன், பிள்ளையைக் காணோம்!

ரெண்டு நிமிஷம்தாங்க. அந்த ரெண்டு நிமிஷம் என் மகள் முகத்தைப் பார்த்தேன் பாருங்க... பகைவனுக்கும் அந்த முகத்தைப் பார்க்கிற நிலை வரக்கூடாது. கடைசியில் பேத்தி பெட்டிக்கு அந்தப் பக்கம், யானை வெளியே வரும் இடத்தில், தரையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள். (அமைதி)

நடுவர் அவர்களே! அன்றைக்கு அங்கே சுமையாக இருந்தது யார்? அந்தக் குழந்தையா? தாமதமாக வந்தது அவளா? புளிக்காய்ச்சல் கொண்டுவந்தது அவளா? வாதாடியது அவளா? சுமை நான்! (கைதட்டல்)

2024இல் என் மகள் ரெண்டாவது பிரசவத்துக்கு வந்துட்டுத் திரும்பினா. அஞ்சு வயசுப் பேத்தி, அஞ்சு மாசப் பேரன். இந்தத் தடவை துணைக்கு ஆள் இல்லை, தனியாகப் போகணும். எனக்கு உறக்கமே இல்லை. பத்து நாள் முன்னாடியே வேலையைத் தொடங்கினோம். அஞ்சு மாசப் பிள்ளைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேணுங்க. அதை முதலிலேயே எடுத்தாச்சு. ரெண்டு வயசுக்குள் இருந்தால் மடியில் வைத்துக்கொள்ளலாம். தனி இருக்கை இல்லை. பெரிய விமானங்களில் தொட்டில் மாட்ட இடம் உண்டு; ஆனால் முன்கூட்டியே சொல்லி வைக்கணும்.

இதெல்லாம் பெரியவங்க வேலை. பேத்திக்கு? வீட்டு மர பெஞ்சு மேல ஒரு அட்டைப் பெட்டியை ரெண்டு பக்கமும் கிழிச்சு வச்சேன். அதுதான் எக்ஸ்ரே. யானை இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் வரும். தினமும் பயணம்! பேத்திதான் காவலர். பூரிக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “தாத்தா, கையைத் தூக்குங்க!” என்பாள். என் வீட்டுக்காரம்மாவுக்கு முப்பது வருஷமா இருந்த ஆசை, பேத்தி நிறைவேத்திட்டா! (சிரிப்பு)

எதிரணிச் சகோதரி சொன்னாங்க, விமானம் இறங்கும்போது குழந்தை வீறிடுது, எல்லாரும் முறைக்கிறாங்கன்னு. ஏன் அழுது? காற்றழுத்தம் மாறும்போது காது அடைக்கும். நமக்கு எச்சிலை விழுங்கத் தெரியும், அதுக்குத் தெரியுமா? ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்தால், விழுங்க விழுங்கக் காது திறக்கும். இந்தச் சின்ன விஷயம் தெரிஞ்சா முறைக்கிறவங்ககூடச் சிரிப்பாங்க.

அந்த நாள் வந்தது. ரெண்டாம் முனைய வாசல். டிக்கெட் இல்லாதவனுக்கு அங்கே அனுமதி இல்லை. கண்ணாடிக்கு வெளியே நான். உள்ளே, மார்பில் பேரனைக் கட்டிக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு என் மகள். அவள் பைவாரைப் பிடித்தபடி பேத்தி. “கண்ணு, பத்திரம் சாமி!” என்றேன். கண்ணாடி தாண்டி அது கேட்டிருக்காது.

ரெண்டு மணி நேரம் கழித்துப் போன் வந்தது. “அப்பா, விமானத்துல ஏறப்போறோம். சோதனையில வண்டியை மடக்கணும்னாங்க. தம்பி கையில. என்ன செய்யறதுன்னு முழிச்சேன். பக்கத்துல ஒரு பையன் பொம்மையைப் பெட்டிக்குள்ள போட மாட்டேன்னு கத்தறான். நம்ம பாப்பா அவன்கிட்டப் போய், ‘அழாதே, யானை அந்தப் பக்கம் வந்துரும், எங்க தாத்தா வீட்டுல தினமும் வந்துச்சு’ன்னு சொன்னாப்பா! அவன் அழுகையை நிறுத்திட்டான். அவங்கம்மா உடனே கையை நீட்டி, ‘தம்பியை என்கிட்டக் கொடுங்க, நீங்க வண்டியை மடக்குங்க’ன்னாங்க...” (நீண்ட கைதட்டல்)

அந்தத் தாய் எந்த மாநிலமோ, எந்த மொழியோ! இந்தத் தகடூர் மன்னன் அதியமானிடம் ஔவையார் மழலையைப் பற்றிப் பாடினார். புறநானூற்றில் 92ஆம் பாட்டு. பொருள் விளங்காவிட்டாலும் மழலை கேட்டால் தந்தைக்கு அன்பு பெருகும் என்பது அதன் கருத்து. என் பேத்தியின் பேச்சிலே பொருளும் இருந்தது, நடுவர் அவர்களே! தமிழே தெரியாத அந்தத் தாய்க்கும் அது விளங்கியது!

பிள்ளைக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள். பெரியவன் நேரத்தோடு கிளம்பட்டும். பக்கத்தில் நிற்பவர் ஒரு கை கொடுக்கட்டும். ஒருத்தி மட்டும் தூக்கினால்தான் அது சுமை. நாலு கை சேர்ந்தால் அது சுகம்! ஆகவே, சின்னப் பிள்ளைகளோடு பயணம் சுகமே, சுகமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.

(கைதட்டல்)