காற்றை மட்டும் பார்க்காதீர்கள், தண்ணீரையும் பாருங்கள்!



பிலிப்பைன்ஸிலோ அமெரிக்காவிலோ சூறாவளி அடித்தது என்று செய்தி வரும்போதெல்லாம், மலேசியர் பலர் நிம்மதியாக மூச்சு விடுவதுண்டு. "பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், இங்கே அதெல்லாம் வராது" என்பது அவர்களின் நம்பிக்கை. அதில் உண்மையும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

அட்லாண்டிக்கில் ஹரிக்கேன், மேற்கு பசிபிக்கில் தைஃபூன், இந்தியப் பெருங்கடலில் சைக்ளோன். பெயர்தான் வேறு, பிறப்பு ஒன்றே. கடலின் மேற்பரப்பு நீர் சுமார் 26.5 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால், அதன்மேல் உள்ள ஈரக்காற்று மேலே எழுகிறது. உயரத்தில் அந்த ஈரம் குளிர்ந்து மேகமாகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. கீழே காற்றழுத்தம் குறைகிறது. அந்த இடத்தை நோக்கிச் சுற்றுப்புறக் காற்று ஈரத்துடன் பாய்ந்து வருகிறது. எரியும் தீயில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருப்பது போலத்தான்! கடல் தரும் ஈரமே எரிபொருள். கரையேறியதும் புயல் தளர்வதற்குக் காரணம், அந்த எரிபொருள் நின்றுபோவதுதான்.

சரி, காற்று ஏன் சுழல்கிறது? பூமி சுழல்வதால் வடகோளத்தில் வீசும் காற்று வலப்பக்கம் விலகி, மையத்தை இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. இந்த விலகல் பூமத்திய ரேகையில் இல்லவே இல்லை. அதனால் ரேகைக்கு 5 பாகைக்குள் சூறாவளி உருவாவது மிக அபூர்வம்.

அபூர்வம் என்றால் நடக்கவே நடக்காது என்று பொருளல்ல. 2001 டிசம்பர் 26-ஆம் தேதி, தென்சீனக் கடலில், ரேகையிலிருந்து ஏறக்குறைய 1.5 பாகை தூரத்தில் 'வாமெய்' உருவானது! தீபகற்பத்துக்கும் போர்னியோவுக்கும் இடையே பலமாக நுழைந்த வடகிழக்குப் பருவக்காற்று, போர்னியோவுக்கு அருகே ஏற்கெனவே இருந்த சுழற்சியோடு சேர்ந்துகொண்டது. பூமி தராத சுழற்சியை அந்தக் கூட்டு தந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் மணிக்கு சுமார் 140 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. மறுநாள் அது தென்கிழக்கு ஜொகூரில் கரையேறியது. வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் மலேசியாவில் ஐவர் மாண்டனர்.

புயல் தன் இஷ்டத்துக்கு நடப்பதில்லை. ஆற்றில் மிதக்கும் மரக்கட்டை போல, சுற்றியுள்ள பெருங்காற்றோட்டம் இழுக்கும் திசையில் போகிறது. அந்த ஓட்டம் பலவீனமாக இருந்தால் புயல் மெதுவாக ஊரும். ஒரே வட்டாரத்தில் மழையைக் கொட்டித் தீர்க்கும்.

இதைக் கண்காணிக்க ஜப்பானின் ஹிமாவாரி துணைக்கோளம் 10 நிமிடங்களுக்கு ஒருமுறை படம் அனுப்புகிறது. அட்லாண்டிக்கில் அமெரிக்க விமானங்கள் புயலுக்குள்ளேயே பறந்து கருவிகளைப் போடுகின்றன. மேற்கு பசிபிக், தென்சீனக் கடல் புயல்களுக்கு தோக்கியோவும், வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்குப் புதுடில்லியும் பெயரிட்டு அறிக்கை விடுகின்றன. தோக்கியோவின் வரைபடத்தில் புயல் போகும் பாதையில் வட்டங்கள் இருக்கும். புயலின் மையம் அந்த வட்டத்துக்குள் இருக்க 70 விழுக்காடு வாய்ப்பு என்பதே அதன் பொருள். "நம் ஊர் வட்டத்துக்கு வெளியே இருக்கிறது" என்று நிம்மதி அடைய வேண்டாம். மழைமேகம் வட்டத்தைக் கேட்டுக்கொண்டு பெய்வதில்லை!

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. காற்று மணிக்கு 119 கிலோமீட்டரை எட்டினால்தான் தைஃபூன் என்ற பட்டம். 1996 டிசம்பரில் சபாவைத் தாக்கிய 'கிரேக்' அந்த அளவை எட்டவே இல்லை. ஆனால் கெனிங்காவ் வட்டாரத்தில் வந்த வெள்ளமும் சேறும் 200-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. 2025 நவம்பரில் மலாக்கா நீரிணையில் 'சென்யார்' உருவானது. காற்று வேகத்தில் அதுவும் சாதாரணப் புயல்தான். சுமத்ராவில் வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் அது திரும்பி வந்து தீபகற்ப மலேசியாவையும் தொட்டது.

காற்றை வைத்துப் பட்டம் கொடுக்கிறார்கள். உயிரைப் பறித்ததோ தண்ணீர். எனவே "பெரிய புயல் இல்லையாம்" என்ற ஒரு வரிச் செய்தியோடு தொலைக்காட்சியை அணைத்துவிடாதீர்கள். மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று எச்சரிக்கைகள் தருகிறது. அவற்றைப் பாருங்கள். ஆற்றோரத்திலும் மலைச்சரிவிலும் குடியிருப்போர், வயதான பெற்றோர் வீட்டில் இருப்போர், வெளியேறச் சொன்னால் பொருள்களை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். அடையாள அட்டையையும் மருந்தையும் ஒரு பையில் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால், அந்த நேரத்தில் தேட வேண்டிய அவசியம் இருக்காது.

விழிப்பாக இருப்போருக்குச் சேதம் குறையும்.