சொன்னவர்தான் காட்ட வேண்டும்

2023 மார்ச். திருப்பூரில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. பீகார் சட்டமன்றத்திலும் அமளி. பயந்தவர்கள் ரயிலேறினார்கள்.

காவல்துறை விசாரித்தது. ஒரு வீடியோவில் இருந்தது, பீகார் தொழிலாளர்களே இரண்டு தரப்பாகப் போட்ட சண்டை. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களின் மோதல். பீகார் அதிகாரிகள் குழுவும் திருப்பூருக்கே வந்து விசாரித்தது.

திருப்பூரில் தயாராகும் பனியனில் ஓட்டை என்று சொல்லும் பையர் (வாங்குபவர்), அந்தப் பீஸைக் காட்ட வேண்டுமல்லவா? இங்கேயும் சொன்னவர்தான் காட்ட வேண்டும். நம் சாட்சியச் சட்டமும் அதையே சொல்கிறது. சொன்னவர்தான் காட்ட வேண்டும். ஆனால் அன்று நடந்தது என்ன? கொலை நடக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு திருப்பூர் மீது விழுந்தது. அது நியாயமே இல்லை. வீடியோவை அனுப்பியவர்கள் சிலர் மீது பிறகு வழக்கு வந்தது. ஆனால் கூலி போனது ரயிலேறிய தொழிலாளிக்குத்தான்.