மாதம் ஒருமுறை மீட்டரைப் பாருங்க

பென்ஷன் பணத்துல வீட்டை நடத்துற பெரியவங்களுக்கு ஒரு சின்ன யோசனை.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2025 கட்டண முறைப்படி முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டோடு விஷயம் முடியாது. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் குறைந்த கட்டணமும் போய்விடும். 501-ஆவது யூனிட் ஒன்றே பில்லை இருநூறு ரூபாய்க்கு மேல் ஏற்றிவிடும்!

அதனால, ரீடிங் எடுத்த அன்னைக்கே மீட்டரைக் கைபேசியில் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. எண் சின்னதா இருந்தாலும் பெரிசாக்கிப் பார்க்கலாம். முப்பது நாள் கழிச்சு இன்னொரு போட்டோ. வித்தியாசம் 250-ஐத் தாண்டியிருந்தா, அடுத்த மாசம் ஏசியை 26-ல வைங்க, ஹீட்டரைக் குறைங்க.

வெயில்ல ஃபேனை மட்டும் நிறுத்திடாதீங்க. மிச்சம் பிடிக்கிறதே உடம்பு நல்லா இருக்கத்தானே?